நாளை வரை பொறுக்காத ஸ்கேன்

அவசரப் பிரிவில் அந்த டாக்டரம்மாவுக்குத் தள்ளுவண்டி டாக்டர் என்று பெயர். ஸ்கேன் மெஷினைத் தானே உருட்டிக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போவார். கேலி காதில் விழுந்தால், "காய்கறிதான் இன்னும் விக்கல" என்று சிரிப்பார்.

கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களில் வலி, ரத்தப்போக்கு என்று வருகிறவர்களை, பிரஷர் சரியாக இருந்தால் மறுநாள் ஸ்கேனுக்கு வரச்சொல்லி அனுப்புவது அங்கே வழக்கம். அதற்கு அவர் மனசு ஒப்பவில்லை. ஸ்கேன் அறைத் தலைவரை மாதக்கணக்கில் நச்சரித்து, வேலை முடிந்த பிறகு கூடவே நின்று ஸ்கேன் பார்க்கக் கற்றுக்கொண்டார்.

ஒரு விடுமுறை நாள் மதியம் தையல்காரப் பெண் ஒருத்தி கணவனோடு வந்தாள். கர்ப்பம் உறுதியாகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அடிவயிற்றில் ஒரு பக்கம் வலி, லேசான ரத்தக்கசிவு. பிரஷர் சரியாகவே இருந்தது. ஸ்கேன் அறை பூட்டிக் கிடந்தது.

"வலி விட்டு விட்டுதான் வருது. நாளைக்கே வரோம் டாக்டரம்மா," என்று அவள் எழுந்துகொள்ளப் பார்த்தாள்.

"தோள்பட்டை வலிக்குதாம்மா?"

"ஆமா. நாள் பூரா குனிஞ்சு தைக்கிறேன்ல, அதனாலதான் இருக்கும்."

வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தாலும் தோள் வலிக்கும் என்பது டாக்டருக்குத் தெரியும். அவளை அப்படியே படுக்கவைத்து மெஷினை இழுத்தார். கர்ப்பப்பை வெறுமையாக இருந்தது. அதைச் சுற்றி ரத்தம் தேங்கியிருந்தது.

"கரு கர்ப்பப்பைக்குப் பக்கத்துக் குழாய்ல தங்கிடுச்சும்மா. குழாய் கிழிஞ்சு உள்ள ரத்தம் போகுது. உடனே ஆபரேஷன் பண்ணணும்."

"குழந்தை?"

"காப்பாத்த முடியாதும்மா. உங்களைக் காப்பாத்திடலாம்."

கணவன் ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டான். சர்ஜனிடம் போனில் பேசிக்கொண்டே டாக்டர் ஸ்ட்ரெச்சரைத் தள்ளினார். ஆபரேஷன் தியேட்டர் வாசலை அடைவதற்குள் அவள் பிரஷர் மளமளவென்று இறங்கிவிட்டது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கைமீறிப் போயிருக்கும் என்றார் சர்ஜன்.

பொழுது சாய்ந்ததும் டாக்டர் வார்டுக்குப் போய், ஆபரேஷன் முடிந்து கண் விழித்திருந்த அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அதுக்கு ஒரு சட்டைகூட வெட்டி வெச்சிருந்தேன்," என்றாள் அவள்.

"அழுகை வந்தா அழுதுடுங்கம்மா."

அவள் அழுதாள். டாக்டருக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. "நீங்க சாப்பிடுங்க, நான் வர நேரமாகும்" என்று தணிந்த குரலில் சொல்லி வைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்தபடி டாக்டர் அங்கேயே இருந்தார்.