அமிர்தநாதர் தன் மரண அறிவித்தலைத் தானே வாசித்த கதை

1997ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை, மத்தியானம் திரும்புவதற்குள் ஸ்காபரோ முழுக்க ஒரு கதை ஓடித் திரிந்தது. டோர்செட் பார்க் அமிர்தநாதர் மோசம் போய்விட்டாராம். மல்வேர்னில் அது நெஞ்சுவலியாக இருந்தது. மிசிசாகாவில் அவர் வேலைத்தலத்து மெசினுக்குள் அகப்பட்டிருந்தார். பாண் வாங்கக் கடைக்கு வந்த ஒருவர் நெடுஞ்சாலையில் மூன்று கார்களை மோதவிட்டு அவரை இன்னும் கோரமாகக் கொன்றார். செத்த விதத்தில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். செய்தி எங்கிருந்து வந்தது என்பதில் எல்லாரும் ஒரே வாய்: அவருடைய வீட்டுக்கே போன் எடுத்துக் கேட்டதாம்.

அந்தக் கதையின் வாலைப் பிடித்துக்கொண்டு விசாரித்துப் போனால், அது எலிவேற்றர் ஏறி, ஒன்பதாம் மாடியில், காகிதத்தால் செய்த ஒரு மண்டையோட்டின் வாய்க்குள் போய் முடிகிறது.

அமிர்தநாதருக்கு அப்போது நாற்பத்தாறு வயது. மன்னார் பேசாலை ஆள். மிசிசாகாவில், விமானத்தில் கொடுக்கிற சாப்பாட்டைத் தட்டுகளில் அடுக்குகிற இடத்தில் வேலை. தான் அடுக்கிய தட்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு மனைவி செலீனும் ஒன்பது வயது மகள் றஜிதாவும் என்றோ ஒருநாள் வந்து இறங்குவார்கள் என்று நாலு வருடமாக அடுக்கினார். அவர்கள் கொழும்பில், கொட்டாஞ்சேனையில், அலெக்ஸாண்டர் என்பவருடைய வீட்டு மேல்மாடி அறையில் காத்திருந்தார்கள். கடைசியில் கடிதம் வந்தது. வருகிற திங்கட்கிழமை காலை செலீனுக்கு விசா இன்ரர்வியூ. அதைத் தவறவிட்டால் அடுத்த திகதி ஆறு மாதத்திலும் வரலாம், இரண்டு வருடத்திலும் வரலாம்.

அவர்கள் வரப்போகிறார்கள் என்ற எண்ணம்தான் அவரை மண்டையோடு செய்ய வைத்தது. போன வருடம், பிள்ளைகள் பேய்வேசம் போட்டு வீடுவீடாக இனிப்புக் கேட்டு வருகிற ஹலோவீன் அன்று கதவைத் தட்டியவர்களைக் கண்டு, பாவம், பசியாக்கும் என்று நினைத்து, அவித்த கடலையை ஆளுக்கொரு கரண்டி பையில் போட்டுவிட்டார். சுடச்சுட. அன்றிலிருந்து அந்தக் கொறிடோர்ப் பிள்ளைகள் அவருடைய கதவடியை ஓடித்தான் கடப்பார்கள். நாளைக்கு றஜிதா இந்தக் கதவுக்குள்ளிருந்துதான் பள்ளிக்கூடம் போகவேண்டும். கடலைக்காரனின் மகள் என்று போகக்கூடாது.

பலூனை ஊதி, தமிழ்க் கடைகளில் சும்மா கிடைக்கிற வாரப் பத்திரிகைகளைக் கிழித்து, மாப்பசை பூசி ஒட்டினார். பல்லுக்கு வெள்ளை அவரைக்கொட்டை. தாடையை அசைக்க, யாரோ எறிந்த கார்க் கதவின் பூட்டுக்குள் இருந்த குட்டி மோட்டர். ஊரில் ஒலிபெருக்கி திருத்திய கை அது, மறக்கவில்லை. சத்தம் வந்தால் மோட்டர் தாடையைக் கீழே இழுக்கும். சத்தம் நின்றால் இறப்பர் வளையம் மேலே மூடும். குரலுக்கு, ஆளில்லாத நேரம் போனுக்குப் பதில் சொல்லுகிற தன்னுடைய ஆன்சரிங் மெசினையே திறந்தார். அதற்குள் குரல் பதிகிற நாடா, அந்த ரேப், சுற்றிச் சுற்றித் தொடங்கின இடத்துக்கே வந்து தானாக நிற்கும். மண்டையோட்டுக்கென்றே செய்தது போல. கதவுக்கு உட்பக்கத்து மிதியடிக்குக் கீழே ஈயத்தாள் இரண்டை வைத்து வயர் இழுத்தார். பிள்ளை மிதித்தால் மண்டையோடு பேசும்.

என்ன பேசுவது? வெள்ளைக்காரருடைய மண்டையோடுகள் சும்மா சிரிக்கும். பெயின்ற் அடிக்கத் தூரிகையைத் தூக்கியபோது, ஒட்டிய பத்திரிகையில், மண்டையோட்டின் நெற்றியிலேயே ஒரு மரண அறிவித்தல் அவரைப் பார்த்தபடி இருந்தது. பிறகென்ன. றேடியோக்காரர் மாதிரித் தொண்டையைத் தாழ்த்தி வாசித்தார்: “மன்னார் பேசாலையைப் பிறப்பிடமாகவும், ஸ்காபரோ டோர்செட் பார்க்கை வதிவிடமாகவும் கொண்ட சந்தியோகு அமிர்தநாதர் இன்று காலமானார். அன்னார் செலீனின் அன்புக் கணவரும், றஜிதாவின் பாசமிகு தந்தையுமாவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் ஏற்றுக்கொள்ளவும்.” அதற்குப் பிறகு, “பயப்பிடாதேங்கோ, நான் சும்மா சொன்னனான், டொபியை எடுங்கோ” என்றும் சொன்னார். ஆனால் ரேப் முப்பது செக்கன்தான். டொபி அதில் ஏறவில்லை. பரவாயில்லை, டொபியைத்தான் கையில் கொடுக்கப் போகிறோமே என்று விட்டுவிட்டார்.

போன் மணி அடிக்கும்போதெல்லாம் தாடை துடித்ததால் மணியின் சத்தத்தையும் நிற்பாட்டினார். சுவரிலிருந்து வருகிற ரெலிபோன் வயரைக் கழற்றவேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. அவருடைய மனதில் அந்த மெசின் போன் வேலையை விட்டு விலகி, மண்டையோட்டு வேலையில் சேர்ந்து இரண்டு நாளாகிவிட்டது. வெள்ளிக்கிழமை, ஹலோவீன் அன்று, விடியப்புறம் வேலைக்குப் போனார்.

பதினொரு மணிக்கு மல்வேர்னிலிருந்து அருள்நாயகி போன் எடுத்தா. ஞாயிற்றுக்கிழமை ஆத்துமாக்கள் திருநாள். பூசையில் வாசிக்க, ஒவ்வொரு வீட்டிலும் மரித்தவர்களின் பெயர்களைச் சேர்ப்பது அவவின் பொறுப்பு. அமிர்தநாதர் வீட்டில் மரித்தவர் யார் என்று கேட்க எடுத்தா. மெசின் அந்த அறிவித்தலைச் சொன்னது. பீப் என்றது. அவ இன்னொருமுறை எடுத்துக் கேட்டுவிட்டு, பெயரை எழுதினா. ஆராவது சொந்தக்காரர், வருகிற ஒவ்வொரு போனுக்கும் அழுது பதில் சொல்ல ஏலாமல் மெசினில் பதிந்து விட்டிருப்பினம் என்று அவ நினைத்ததில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

நாலேகாலுக்கு அமிர்தநாதர் வேலையால் வந்து ஒன்பதாம் மாடியில் எலிவேற்றரை விட்டு இறங்கினார். கொறிடோரில், தன் கதவுக்கு முன்னால், பத்துப் பன்னிரண்டு சப்பாத்துகள். ஐந்தாறு பெண்கள் கம்பளத்தில் முழங்காலில் நின்று செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். முன்னுக்கு அருள்நாயகி. பக்கத்தில் கட்டடத்தைப் பார்க்கிற வெள்ளைக்காரர், திறப்புக்கொத்தோடு, கதவைத் திறப்பதா பொலிசைக் கூப்பிடுவதா என்று தெரியாமல் நின்றார்.

ஆர் செத்தது என்று அமிர்தநாதர் பதறிப்போய்க் கேட்டார்.

ஒருத்தி அலறினா. அருள்நாயகி அலறவில்லை. கடைசி மணியைப் பிடித்தபடியே அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தா.

“நீர்தான் தம்பி.”

விசயம் விளங்க ஐந்து நிமிடம் எடுத்தது. கதவைத் திறந்து மண்டையோட்டைக் காட்டினார். யாரோ மிதியடியை மிதிக்க, அது வாயைத் திறந்து மறுபடியும் அவரைக் காலமாக்கியது. இரண்டு பேர் சிரித்தார்கள். அமிர்தநாதரும் சிரிக்கத்தான் போனார். அதற்குள் ஒருத்தி, மிசிசாகாவில் மரியரட்ணம் பாவம் என்று சொன்னா. அக்காவுக்கு எப்படிச் சொல்லுறது எண்டு துடிச்சுக்கொண்டு நிக்கிறாராம்.

மரியரட்ணம் செலீனின் தம்பி.

 செலீனுக்கு இரத்த அழுத்தம். அதைத் தாங்கினாலும், பொய் சொல்லத் தெரியாதவ. திங்கட்கிழமை கணவர் எங்கே என்று கேட்டால் கேள்விப்பட்டதைச் சொல்லுவா. ஸ்பொன்சர் பண்ணினவர் இல்லையென்றால் பைலும் இல்லை. நாலு வருடம், ஒரு முப்பது செக்கன் ரேப்பில்.

மெசினிலிருந்து வயரைப் பிடுங்கிப் போனில் செருகி மிசிசாகாவுக்கு எடுத்தார். மரியரட்ணம் எடுத்தான். “மச்சான், நான்” என்றார். அந்தப் பக்கம் ஒரு மூச்சு, பிறகு ஏதோ விழுந்து உடைந்த சத்தம், பிறகு லைன் வெட்டுப்பட்டது. மறுபடி எடுத்தார். எடுத்துக் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டான். மூன்றாம் முறை என்கேஜ்.

திரும்பி அருள்நாயகியைப் பார்த்தார். தன் குரலுக்கு இனி இந்த ஊரில் மதிப்பில்லை, வேறொருவர்தான் பேசவேண்டும். அருள்நாயகி சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தா. முழங்கால் வலி, அவமானம், கையில் செபமாலை. மூன்றும் சேர்ந்தால் அவவோடு பேசுவது லேசில்லை. அமிர்தநாதர் கெஞ்சினார்.

“செபமாலையிலை அம்பத்துமூண்டு மணி தம்பி. என்ரை மனிசன் செத்து ஏழு வருசம். அவருக்குச் சொல்லவேண்டியதை உமக்குச் சொல்லிப்போட்டன்.”

“நான் சொல்லுறன் அக்கா. உங்கடை மனிசனுக்கு நான் முழுச் செபமாலை சொல்லுறன்.”

“முழங்காலிலை.”

“முழங்காலிலை.”

அதன் பிறகுதான் அவ போனை வாங்கினா. என்கேஜ், என்கேஜ், நாலு ஐம்பதுக்கு மரியரட்ணம் அகப்பட்டான். அருள்நாயகி அவனைப் பேசவிடாமல் பேசினா. பிறகு பேசாமல் கேட்டா. போனைக் கையால் பொத்திக்கொண்டு அமிர்தநாதரிடம் சொன்னா: மரியரட்ணம் பொறுக்கமாட்டாமல் மூன்று மணிக்கே கொழும்புக்கு எடுத்துவிட்டான். அங்கே அப்போது இரவு இரண்டு மணி. அலெக்ஸாண்டர்தான் எடுத்தவர். இப்ப செலீனை எழுப்பி என்னத்தைச் செய்யிறது, பிள்ளை நித்திரை கொள்ளட்டும், விடிய ஐந்து மணிக்குச் சொல்லுறன் என்றவராம்.

கொழும்பில் ஐந்து மணி என்றால் இங்கே ஆறு. ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும்.

வெளிநாட்டுக்கு எடுக்கிற ரெலிபோன் கார்டை எடுத்து, பின்பக்கத்து இலக்கத்தை மூடியிருந்த பூச்சைச் சுரண்டினார். அவசரத்தில் சுரண்ட, ஒரு இலக்கமும் சேர்ந்து போய்விட்டது. எட்டா மூன்றா? எட்டென்று அடித்தார், பிழை. மூன்றென்று அடித்தார், சரி. லைன்கள் எல்லாம் நிறைந்துவிட்டன, பிறகு முயற்சிக்கவும் என்று ஒரு பெண் ஆங்கிலத்தில் சொன்னா. அன்றைக்கு அவருடைய வீட்டில் மெசின்கள்தான் பேசிக்கொண்டிருந்தன. அடித்தார், வைத்தார், அடித்தார். ஐந்தேகாலுக்கு ஒருமுறை மணி போனது. இருபது தரம் அடித்தும் யாரும் எடுக்கவில்லை. வெளியே இருட்டிவிட்டது. பிள்ளைகள் கதவைத் தட்டத் தொடங்கினார்கள். அருள்நாயகி எழும்பிப் போய், பூதங்களுக்கும் சூனியக்காரிகளுக்கும் டொபியைக் கொடுத்து, சத்தம் போடவேண்டாமென்று விரலை உதட்டில் வைத்து அனுப்பினா. மற்றப் பெண்கள் எப்போதோ போய்விட்டார்கள்.

ஐந்து ஐம்பத்திரண்டுக்கு அலெக்ஸாண்டர் எடுத்தார்.

அமிர்தநாதர் ஒரே மூச்சில் சொன்னார்: நான் சாகவில்லை, அது பிழையான செய்தி, செலீனுக்குச் சொல்லவேண்டாம்.  தம்பி, நான் சொல்லேல்ல, என்றார் அலெக்ஸாண்டர். ஆனால் அந்த இரண்டு மணிப் போனுக்குச் செலீனும் முழிச்சிட்டா. நான் கதைச்சதைப் படியிலை நிண்டு கேட்டிட்டா. அப்ப இருந்து உந்தப் படியிலைதான் இருக்கிறா.

மூன்று மணித்தியாலம். அமிர்தநாதர் சுவரில் சாய்ந்தார். போன் கை மாறுகிற சத்தம் கேட்டது.

“செலீன், நான்.”

  செலீன் அழவில்லை, அழுதிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும். பிள்ளை எங்கே என்று கேட்டார். நித்திரை என்றா. பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, விடியட்டும் எண்டு இருந்தனான். அவர் மண்டையோட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்: பலூன், மாப்பசை, மோட்டர், கடலை. சொல்லச் சொல்ல அது ஒவ்வொன்றும் இன்னும் மடைத்தனமாகக் கேட்டது.

“அதைப் போடுங்கோ. நான் கேக்கவேணும்.”

வேண்டாம் என்றார். போடுங்கோ என்றா. அருள்நாயகி எழும்பிப் போய் மிதியடியை மிதித்தா. அவர் போனை மண்டையோட்டின் வாயடியில் பிடித்தார். அவரைச் சவப்பெட்டிக்குள் வைத்துவிட்டதுபோல் அந்தக் குரல் வீடு முழுக்க முழங்கியது. தாடை ஏறி இறங்கியது. அன்புக் கணவர் என்ற இடத்தில் ஒரு அவரைக்கொட்டை கழன்று விழுந்தது.

முடிந்ததும் போனைக் காதில் வைத்தார். கொழும்பில் எங்கோ ஒரு பஸ் போகிற சத்தம்.

“எங்கடை அப்பாவின்ரை பேர் எங்கை?”

அவருக்கு விளங்கவில்லை.

“காலஞ்சென்ற பாவிலுவின் மருமகனும் எண்டு வரவேணும். மரியரட்ணத்தின் மைத்துனரும் எண்டு வரவேணும். எங்கடை பக்கத்திலை ஒருத்தரும் இல்லாமலோ நீங்கள் செத்தனீங்கள்?”

“ரேப் முப்பது செக்கன்தான் செலீன். காணாது.”

“டோர்செட் பார்க்குக்கு இடமிருந்தது. என்ரை அப்பாவுக்கு இல்லை.”

அதற்குப் பிறகுதான் அழுதா. கார்டில் இருந்த நிமிடங்களில் பாதி அழுகையிலேயே போனது. மிச்சப் பாதியில், திங்கட்கிழமை கணவர் எங்கே என்று கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்று ஒருமுறை கேட்டா. இருக்கிறார் எண்டு சொல்லு என்றார். சரி என்றா.

சொன்னா. அடுத்த வருடம் ஆனி மாதம் செலீனும் றஜிதாவும் வந்து இறங்கினார்கள். ஒன்பதாம் மாடிப் பிள்ளைகள் றஜிதாவை மண்டையோட்டுக்காரரின் மகள் என்றுதான் கூப்பிட்டார்கள். அதில் அவளுக்கு நல்ல புழுகம், பெருமை. மரியரட்ணம் மட்டும் கொஞ்சக் காலம், அத்தான் என்று கூப்பிடுவதற்கு முன்னால் ஒருமுறை முகத்தைப் பார்த்துக்கொள்வான்.

அருள்நாயகி ஞாயிற்றுக்கிழமைகளில் கோவில் வாசலில் நிற்பா. அமிர்தநாதர் பக்கத்துக் கதவால் போகப் பார்ப்பார். அவ வயதுபோன முழங்காலோடு அந்தக் கதவுக்கும் வந்துவிடுவா. எத்தினை மணி முடிஞ்சது தம்பி என்று கேட்பா. செபமாலையிலை மூண்டாவது பத்து மணியிலை நிக்கிறன் அக்கா, வேலை, நேரமில்லை என்பார். போன வருடமும் மூன்றாவது பத்தில்தான் நின்றார். செலீன் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், மிச்சத்தை நான் சொல்லி முடிக்கிறன் அக்கா என்றா.

அருள்நாயகி ஒத்துக்கொள்ளவில்லை. செத்தது நீரில்லைப் பிள்ளை என்றுவிட்டா.