மூலை வைத்த மலைகள்

சின்னம்மா குவைத்திலிருந்து திரும்பி வந்த அன்று தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் எங்கள் அறையில் கால் வைக்க இடமில்லை. பெட்டியைத் திறப்பதைப் பார்க்க அக்கம்பக்கத்தில் எல்லோரும் வந்துவிட்டார்கள். போர்வை, பால்மா டின், சவர்க்காரம், அம்மாவுக்குச் சேலை, அப்பாவுக்கு டார்ச் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கடைசியில், அடியில் ஒரு துவாயில் சுற்றியபடி சாம்பல் நிறத்தில் தட்டையான பெட்டி ஒன்று கிடந்தது.

"ரேடியோவா?" என்று அப்பா கேட்டார்.

"இல்ல மச்சான். கேம். டிவியில போட்டு விளையாடுறது."

"புள்ளைக்குக் கொண்டாந்தியா?" என்று அம்மா என்னைப் பார்த்தபடி கேட்டார்.

"அவளும் விளையாடட்டும்" என்றார் சின்னம்மா. "ஆனா இது என்னோடது."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. சின்னம்மாவுக்கு முப்பதைத் தாண்டியிருந்தது. அம்மாவின் ஒரே தங்கை. கலியாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளிநாடு போனவர். அந்த வயதில், கொழுந்து மலையில் பிறந்த ஒரு பெண் டிவி விளையாட்டு தன்னுடையது என்று சொன்னால் சிரிக்கத்தான் செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் பெட்டியைத் துவாயோடு எடுத்து அலமாரி மேல் வைத்துவிட்டார்.

இது இரண்டாயிரமாம் ஆண்டை ஒட்டிய காலம். எனக்குப் பதினான்கு வயது. இலங்கையில், தெரணியகலைக்கு மேலே எங்கள் தோட்டம். கீழே ரப்பர், மேலே தேயிலை. அப்பா ரப்பர் பால் வெட்டினார், அம்மா கொழுந்து பறித்தார். லயத்துக்குக் கரண்ட் வந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. எங்கள் சின்ன டிவியில் ஏரியல் வயர் குத்துகிற இடத்தைத் தவிர வேறு ஓட்டை கிடையாது. கேம் பெட்டியின் வயர்களுக்கு அதில் இடமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் சின்னம்மாவும் டவுனுக்கு இறங்கினோம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ரேடியோ, டிவி திருத்துகிற சிங்களவர் ஒருவர் இருந்தார்; பாஸ் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அக்கே, மேக்க ளமயின்ட்டத?" என்று கேட்டார். பிள்ளைகளுக்கா என்றுதான் அவரும் கேட்டார்.

"நே, மட்ட தமய்." எனக்குத்தான் என்று சின்னம்மா தயங்காமல் சொன்னார்.

பாஸ் சிரிக்கவில்லை. மூலையில் கிடந்த பழைய வீடியோ டெக் ஒன்றை எடுத்துத் தூசு தட்டினார். கேமை டெக்கில் கொடுத்து, டெக்கிலிருந்து டிவிக்கு ஏரியல் வயர் போடும்படி சொல்லிக்கொடுத்தார். படம் வந்தால் டெக்கை வைத்துக்கொள்ளுங்கள், தன்னிடம் சும்மா கிடக்கிறது என்றார்.

படம் வந்தது. ஆனால் கறுப்பு வெள்ளையாக வந்தது. அந்தப் பெட்டியும் எங்கள் டிவியும் நிற விஷயத்தில் ஒத்துப்போகவில்லை. சின்னம்மாவின் முகம் வாடிப்போயிற்று. "லொறி செவப்பு கலரு. ஏரி நீலமா இருக்கும். உனக்கு எப்புடிக் காட்டுவேன்?" என்றார்.

நான் வாடவில்லை. அந்தக் கறுப்பு வெள்ளைப் படம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது என்று இப்போது நினைக்கிறேன்.

சின்னம்மாவிடம் பெட்டியில் போடுகிற சீடித் தட்டு ஒன்றே ஒன்று இருந்தது. மலைப்பாதையில் ஒரு லொறியை ஓட்டிக்கொண்டு போய் ஊர் ஊராகச் சாமான் இறக்குகிற விளையாட்டு. வேறொன்றும் நடக்காது. சுடுவது, சாவது எதுவும் இல்லை. நான் அதுவரை பார்த்திருந்த கார்ட்டூன் படங்கள் தாளில் வரைந்தவை போல் தட்டையாக இருக்கும். இந்த லொறி அப்படி இல்லை. அதைச் சுற்றி வந்து பின்பக்கத்தைப் பார்க்கலாம். மலைக்கு முன்பக்கமும் இருந்தது, பின்பக்கமும் இருந்தது. அந்த மலை முழுக்க முக்கோணங்களால் ஆனது. பெரிய பெரிய முக்கோணத் துண்டுகள். ஒன்று வெளிச்சமாக, அடுத்தது சாம்பலாக, அதற்கடுத்தது கறுப்பாக. நிறம் இல்லாததால் எனக்கு அந்த வெளிச்சமும் நிழலும் மட்டுமே தெரிந்தன. எந்தப் பக்கம் வெயில், எந்தப் பக்கம் சரிவு என்று பார்த்த உடனே புரிந்தது.

மரங்கள் இரண்டு பலகையைக் குறுக்கே செருகி வைத்தது போல் நின்றன. பக்கத்தில் போனால் மோசடி தெரியும். தூரத்தில் அசல் மரம். மனிதர்களுக்கு விரல் கிடையாது, கை ஒரு கட்டை. முகம் ஒரு பெட்டியில் ஒட்டிய படம். சாமான் இறக்கியதும் அந்தப் பெட்டி முகம் லேசாகக் குனியும். அவ்வளவுதான், ஆனால் அவர்கள் சந்தோஷப்பட்டது எனக்குத் தெரியும். பாதையின் வெள்ளைக்கோடுகள் லொறிக்கு அடியில் வரும்போது தண்ணீரில் கிடப்பது போல நெளியும். தூரத்து மலைகள் பனிமூட்டத்துக்குள் இருக்கும்; நெருங்க நெருங்க ஒவ்வொரு துண்டாக வெளியே வரும். எங்கள் தோட்டத்தில் காலை நேரம் அப்படித்தான் விடியும். முதலில் ஸ்டோர் என்கிற தேயிலை ஆலையின் கூரை, பிறகு சவுக்கு மரங்கள், பிறகுதான் மலை.

முதல் நாள் பார்த்துவிட்டு அப்பா சொன்னார், "சக்கரத்தப் பாரு, மூலை மூலையா இருக்கு. இதுல போனா இடுப்பு ஒடஞ்சி போகும்."

அப்படிச் சொன்னவர் மறுநாள் வேலை விட்டு வந்ததும் சின்னம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "ஏ புள்ள, வளைவு வருது, மெதுவா! ஹோன் அடி!" ஹோன் அடிக்க அதில் வழி கிடையாது. சின்னம்மா வாயாலேயே "பாம் பாம்" என்பார்.

அந்தப் பாதையில் ஒரு மலையுச்சி ஊர் உண்டு. நாலு வீடு, ஒரு தண்ணீர்த் தொட்டி. சாமான் இறக்க வேண்டிய வேலை எதுவும் அங்கே கிடையாது. ஆனாலும் சின்னம்மா தினமும் லொறியை அங்கே கொண்டுபோய் நிறுத்துவார். அந்த வீடுகளையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு சாயங்காலம் நான் ஏன் என்று கேட்டேன்.

"குவைத்துல நான் வேல செஞ்ச வீட்டுல ஒரு சின்னப் புள்ள இருந்திச்சு" என்றார். "பொம்பளப் புள்ள. சாப்பிடவே சாப்பிடாது. கேம் போட்டா மட்டும் வாயத் தொறக்கும். நான் ஒரு கையில ஊட்டி, ஒரு கையில ஓட்டப் பழகுனேன். அதுக்கு நம்ம பாஷ தெரியாது, எனக்கு அப்ப அரபி தெரியாது. ஒரு நாள் இந்த மலைக்கு வந்தோம். எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. நம்ம தோட்டம் மாதிரியே இருந்திச்சு. நான் நெஞ்சத் தொட்டு, மலையக் காட்டுனேன். புள்ளைக்குப் புரிஞ்சிருச்சு. அன்னையிலருந்து அது ஓட்டுனா மொதல்ல இங்கதான் வரும். நிப்பாட்டிட்டு, 'ஒன் வீடு, ஒன் வீடு'ன்னு அரபியில சொல்லும்."

நான் திரையைப் பார்த்தேன். உண்மையில் எங்கள் தோட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நாலைந்து முக்கோணம், நாலு பெட்டி வீடு. தேயிலைச் செடி ஒன்றுகூட இல்லை.

"நம்ம தோட்டம் மாதிரியா இருக்கு, சின்னம்மா?"

"போட்டோ மாதிரி இருந்திருந்தா அது வேற ஊருன்னு தெரிஞ்சிருக்கும்ல" என்றார் அவர். "இது எந்த ஊருன்னும் சொல்ல முடியாது. அதனால நம்ம ஊருன்னு வச்சிக்கிட்டேன்."

அந்த வீட்டில் புதுப் பெட்டி வாங்கியதும் பழையதைக் குப்பையில் போடப் போனார்களாம். அந்தச் சின்னப் பிள்ளை அழுது அடம்பிடித்து, பெட்டியையும் அந்த ஒரு தட்டையும் சின்னம்மாவின் கையில் கொடுக்க வைத்ததாம். அதைச் சொல்லும்போது சின்னம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

அதற்குப் பிறகு நான் எங்கள் மலையையே துண்டு துண்டாகப் பார்க்கத் தொடங்கினேன். பாடசாலைக்குப் போகிற பாதையில் நின்று கண்ணைச் சுருக்கிக்கொள்வேன். இந்த முகம் வெளிச்சம், இந்த முகம் நிழல், இங்கே மலை மடிகிறது, இங்கே ஆறு வெட்டுகிறது. பார்த்துப் பழகிய மலையில் இவ்வளவு வடிவம் இருந்தது எனக்கு அதுவரை தெரியாது.

அடுத்த வருடம் பாடசாலையில் கண்காட்சி வைத்தார்கள். எங்கள் பூமிசாஸ்திர டீச்சர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். பிரதேசத்தின் மாதிரி உரு ஒன்றைச் செய்துவரும்படி ஒவ்வொருவருக்கும் சொன்னார். மற்றவர்கள் காகிதக் கூழில் வழவழப்பான மலைகள் செய்தார்கள். நான் பிஸ்கட் பெட்டி அட்டைகளை முக்கோணங்களாக வெட்டி, மூலையோடு மூலை ஒட்டி, எங்கள் தோட்டத்து மலையைச் செய்தேன். சின்னம்மா பசை காய்ச்சித் தந்தார். பெயின்ட் எதுவும் பூசவில்லை. வெள்ளைத்தாள் மட்டும் ஒட்டினேன்.

டீச்சர் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "என்ன பிள்ளை இது, மலை எல்லாம் மூலை மூலையாய் இருக்குது? கொஞ்சம் வட்டமாய்ச் செய்யேலாதோ?"

"டீச்சர், எட்ட நின்னு பாருங்க."

"எவ்வளவு எட்ட?"

"கதவுகிட்டப் போங்க, டீச்சர்."

அவர் வாசல்வரை போய்த் திரும்பி நின்றார். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து, ஒரு முகம் பளிச்சென்றும் மறுமுகம் இருட்டாகவும் நின்றது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"ஓம் பிள்ளை" என்றார். "இப்ப தெரியுது. இது உந்த மலைதான்" என்று ஜன்னலுக்கு வெளியே கை காட்டினார்.

அதை வாசலுக்கு நேரே, முதல் மேசையில் வைக்கச் சொன்னார்.

கண்காட்சிக்கு அம்மா வேலைக்குப் போகாமல் வந்திருந்தார். குவைத் சேலையைக் கட்டிக்கொண்டு, சின்னம்மாவின் கையைப் பிடித்தபடி வந்தார். என் மலைக்கு முன்னால் வந்து நின்றதும் கை தானாக நீண்டது. விரலால் ஒரு விளிம்பைப் பிடித்து ஏறிக்கொண்டே போனார்.

"இது ஸ்டோருக்குப் பின்னால ஏறுற பாதை. இதுதான் வெயில் படாத மூஞ்சி. ஈரம் காயவே காயாது." விரல் உச்சிக்குப் போய் நின்றது. "அடியாத்தே, இம்புட்டா ஏறுறேன் நான்?"

"தெனம் ஏறுறீங்க" என்றேன்.

"ஏறும்போது காலத்தான் பாக்குறோம். மலைய எங்க பாக்குறோம்?" என்று சொல்லிவிட்டு, "எதுல செஞ்ச இத?" என்று கேட்டார்.

"அட்டையில."

அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இங்கயும் அட்டையா! அந்தப் பக்கம் பூரா அட்டை கடிச்சே செத்தோம், இவ அட்டையிலயே செஞ்சு வச்சிருக்கா!" சின்னம்மாவும் சேர்ந்து சிரிக்க, டீச்சர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார். அம்மா அவ்வளவு வாய்விட்டுச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கேம் பெட்டி இன்னும் சில வருடம் உழைத்தது. டவுன் பாஸ் ஒருமுறை டிவியைத் திறந்து எதையோ மாற்ற, படத்துக்கு நிறமும் வந்தது. லொறி சிவப்பாகவே இருந்தது. பிறகு தட்டைப் படிக்க முடியாமல் பெட்டி திணறியது. தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் ஓடும் என்று அப்பா கண்டுபிடித்தார். ஒருநாள் கவிழ்த்தும் ஓடவில்லை. சின்னம்மா அப்போது அவிசாவளைப் பக்கம் ஒரு கார்மென்ட் வேலையில் இருந்தார். செய்தி கேட்டு, "பாவம், எவ்வளவோ தூரம் ஓடிச்சு" என்று மட்டும் சொன்னார்.

நான் உயர்தரப் பரீட்சை முடித்து, இரத்தினபுரியில் வீட்டுப் படம் வரைகிற ஒரு காரியாலயத்தில் சேர்ந்தேன். அங்கே கம்பியூட்டரில் முதன்முதலாக ஒரு கட்டடத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்லித்தந்தார்கள். பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தலை சுற்றியது. எனக்கு அது பழகிய வீடு. அந்தக் காலத்துப் பெட்டிகளால் கொஞ்சம் முக்கோணங்களைத்தான் வரைய முடியும் என்பதும் அங்கேதான் தெரிந்தது. எங்கோ ஒரு அறையில் யாரோ உட்கார்ந்து, எந்த மூலையை எடுத்தால் மலை மலையாக இருக்காதோ அந்த மூலையை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. குவைத்தில் அழுது அடம்பிடித்த அந்தப் பிள்ளையும் இப்போது வளர்ந்திருப்பாள். அவளையும் தெரியாது. டெக்கைச் சும்மா தந்த பாஸும் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார். நான் நன்றி சொல்ல வேண்டியவர்களில் பாதிப்பேர் இப்படி முகவரி இல்லாதவர்கள். சின்னம்மா மட்டும்தான் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறார்.

பிறகு தோட்டத்துக்குக் கீழே ஒரு துண்டு நிலம் கிடைத்து, லயத்தை விட்டு வெளியேற ஆயத்தமானோம். வீட்டை நானே வரைந்தேன். ஒரு சனிக்கிழமை சின்னம்மாவைக் காரியாலயத்துக்குக் கூட்டிவந்து திரையில் வீட்டைச் சுழற்றிக் காட்டினேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு அறையாக உள்ளே போகச் சொன்னார்.

"குசினிக்கு ஜன்னல் எங்க?"

"பின்பக்கம் வச்சிருக்கேன், சின்னம்மா."

"பின்னால மண்மேடுதானே இருக்கு? அத என்னத்தப் பாக்குறது? பாதைப் பக்கம் திருப்பு. சோறு வடிக்கும்போது போற வர்ற பஸ்ஸப் பாக்கணும்."

திருப்பினேன். வீடு கட்டி முடிந்ததும் அம்மாவும் அப்பாவும் சின்னம்மாவும் அதில் குடிபோனார்கள். நான் லீவுக்குப் போகும்போது பஸ் வளைவில் திரும்புவதற்குள் அந்த ஜன்னலிலிருந்து ஒரு கை அசையும்.