அட்டையில் இருந்த பெண்

அடையாறில் ஒரு வீட்டின் கார் ஷெட்டில் தொடங்கிய ஓவியக் கேலரியில் வேலை பார்க்கிறேன். அதன் வரலாற்றைப் புத்தகமாகத் தொகுக்கும் பொறுப்பு என்னுடையது. ஆண்டு விழாவில் புத்தகமும் பழைய ஓவியங்களின் கண்காட்சியும் ஒன்றாக வெளிவர வேண்டும். அட்டைக்கு ஆரம்பகால ஓவியம் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தோம். படகின் விளிம்பில் உட்கார்ந்து ஈரத் தலையை உலர்த்தும் பெண். முந்தானை தோளிலிருந்து சரிந்திருக்கும். வரைந்தவர் இன்று இல்லை.

அச்சுக்குப் போக இருந்த வாரம், ஊரூர் ஒல்காட் குப்பத்தில் வழக்கமாக மீன் வாங்கும் அக்காவிடம் நின்றிருந்தேன். பர்ஸை எடுக்கும்போது அட்டையின் மாதிரித் தாள் பையிலிருந்து வெளியே வந்தது. வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"இன்னாம்மா இது? நானாச்சே!"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"தாடி வெச்சவர் ஒருத்தர் வருவாரு. இன்னாத்தையோ கிறுக்கிக்கினு இருப்பாரு. என்னத்தான் வரையறாருன்னு யாருக்குத் தெரியும்? அப்போ எனக்குக் கல்யாணம்கூட ஆவல." தாளை மறுபடி பார்த்தார். "இத எத்தினி பேரு பாப்பாங்க?"

எங்கள் கேலரிப் புத்தகத்தின் அட்டை என்று சொன்னேன். என் போன் நம்பரையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்று மாலையே அவர் மகன் அழைத்தான். "எங்கம்மா படத்த அட்டையில போடறீங்க. ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களா மேடம்?" கத்தவில்லை. அதுதான் அதிகமாகப் பயமுறுத்தியது.

கேலரியை நடத்துபவரிடம் சொன்னேன். "ஓவியர் வீட்டுல அனுமதி வாங்கியாச்சு. அது இவங்கதான்னு என்ன நிச்சயம்?" என்றார். அந்த முகத்தை வாராவாரம் பார்ப்பவள் நான். எதிர்த்தால் வேலை போய்விடுமோ என்று ஒரு பயம், எதிர்க்காவிட்டால் இந்த அட்டையோடு புத்தகம் வந்துவிடுமோ என்று இன்னொரு பயம். மறுநாள் குப்பத்துக்குப் போய் அக்காவிடமே கேட்டேன்.

"அட்டை வேணாம்மா. புஸ்தகம் எங்கெங்கயோ கெடக்கும். செவுத்துல வேணா மாட்டிக்க. வந்து பாக்கறவன் பாக்கட்டும்."

கேலரிக்குத் திரும்பி, நடத்துபவரிடம் இதைச் சொல்லிவிட்டு, அந்த அட்டையை என் கையால் அச்சகத்துக்கு அனுப்ப மாட்டேன் என்றும் சொன்னேன். அவர் மாதிரித் தாளை ஓரமாகத் தள்ளிவிட்டு, கேலரியின் பழைய வாசல் படத்தை எடுத்துப் போடச் சொன்னார். முகம் கொடுத்துப் பேசவில்லை.

திறப்பு விழாவுக்கு அக்காவை அழைத்திருந்தேன். அழைத்திருக்க வேண்டாமோ என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். விருந்தினர் முன்னால் மகன் சண்டை போட்டால்? இருவரும் வந்தார்கள். அக்கா தன் படத்தின் பக்கம் போகாமல் எதிர்ச் சுவரோரம் நின்று, அதைப் பார்ப்பவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நிறத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே ஒரு தம்பதி அவரைக் கடந்து போனார்கள்.

"யாருக்கும் அடையாளம் தெரில போலக் கீதே?"

"தெரியலக்கா."

"நல்லதாப் போச்சு."

அதன் பிறகே கிட்டே போனார். மகன் கைகளைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தான்.

"நீ இவ்ளோ ஒல்லியாவா இருந்தே?" என்றான்.

அவன் தோளில் ஓர் அடி விழுந்தது. டீ எடுத்து வருகிறேன் என்று நான் அங்கிருந்து நகர்ந்தேன். மூன்று கோப்பைகளையும் ஒன்றாகத் தூக்கி வந்ததில், பாதி டீ என் புடவையில் கொட்டியது.