கிருமி சாகும் பனியன்

அந்த விற்பனையாளரின் திரவம் தண்ணீர் போலத் தெளிவாக இருந்ததுதான் எனக்கு முதலில் உறுத்தியது. துளசிச் சாற்றில் செய்த, கிருமியைக் கொல்லும் நானோ வெள்ளி என்றார். நான் வேப்பிலைச் சாற்றில் வெள்ளி உப்பைக் கலந்தபோது, நானோ வெள்ளி உருவாகிக் கண்ணெதிரே பழுப்பானது. இவருடையது மட்டும் எப்படி நிறமே மாறாமல் இருக்கும்?

நல்லூரில் பனியன் கம்பெனி வைத்திருந்த என் மாமா, குழந்தைகள் பனியனுக்கு ‘கிருமி அண்டாத மூலிகைத் துணி’ என்று லேபிள் அடிக்கவிருந்தார்; அதற்காகத் துணியில் ஏற்றும் திரவத்தை அவரிடம் விற்க வந்தவர்தான் அந்த ஆள். நுண்ணுயிரியல் கடைசி வருடத்தில் இருந்த நான், என் ப்ராஜெக்ட் திரவத்தைத்தான் எடுத்துக்கொள்வார் என்று நம்பியிருந்தேன். என் திரவம் ஏற்றிய கம்பெனித் துணியைச் சுற்றிக் கிருமி வளராமல் வட்டம் விழுந்த ஆய்வகத் தட்டைக் கொண்டுபோய்க் காட்டியும் இருந்தேன். அந்த ஆள் ஏமாற்றுகிறார் என்றேன். ரெண்டையும் போட்டுப் பார்த்துவிடு என்றார் மாமா.

கம்பெனித் துணியில் இருவர் திரவத்தையும் ஏற்றிக் கல்லூரி ஆய்வகத்தில் வைத்தேன். அவர் துணிக்கும் வட்டம் விழுந்தது. அதுவும் என் துணிக்கு விழுந்த அதே அளவில். அது எப்படி அச்சு அசலாக இருக்கும்? ஒன்றுமே ஏற்றாத கம்பெனித் துணியை வைத்துப் பார்த்தேன். அதற்கும் வட்டம்.

துணி மெதுமெதுவென்றிருக்கக் கடைசியில் சாஃப்ட்னர் போடுவது இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? அதுவே கிருமியைக் கொல்லக்கூடும் என்றுதான் எனக்குத் தோன்றவில்லை. ஒப்பிடுவதற்கு நான் முன்பு வைத்தது கடையில் வாங்கிய, சாஃப்ட்னர் படாத காடாத் துணி.

மாமாவிடம் சொன்னேன்.

“அப்ப உன்னுது?”

“என்னுதும் தெரியலீங்க மாமா.”

அவர் திட்டவில்லை. சாஃப்ட்னர் படாத துணியை வரவழைத்தார். என் திரவத்தின் பழுப்பு தெரியக்கூடாதென்று கருநீலமாகவே எடுத்தார். நாலு துண்டு: ஒன்றில் என் திரவம், ஒன்றில் அவர் திரவம், ஒன்றில் வெறும் சாஃப்ட்னர், ஒன்று சும்மா. முக்குகிற வேலையை என்னிடம் தராமல் சூப்பர்வைசரிடம் கொடுத்தார். நன்றாக அலசிக் காயவைத்து, எண்களைத் தானே எழுதினார். எது எதுவென்று கேட்டேன்.

“நீ நம்பர மட்டும் சொல்லு கண்ணு, போதும்.”

விற்பனையாளரைச் சந்தேகமாகப் பார்த்த அதே பார்வை, இப்போது என் மேல். பஸ்ஸில் பொட்டலத்தைப் பிரித்து, வேப்ப வாடை வருகிறதா என்று முகர்ந்துகூடப் பார்த்தேன். எல்லாவற்றிலும் சாய வாடைதான்.

இரண்டு நாள் கழித்துப் போன் செய்தேன்.

“மூணாம் நம்பர்ல மட்டுந்தான் வட்டம் வந்திருக்குங்க மாமா.”

காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

“மூணு வெறும் சாஃப்ட்னரு.”

பிறகு அவர் சொன்னார்: “அச்சகத்துல லேபிள் வேண்டாம்னு நான் சொல்லிக்கறேன். உங்க ப்ராஜெக்ட் மேடத்துகிட்ட உன்னுதப் பத்தி நீ சொல்லிரு.”