தண்ணீர் பாட்டிலும் ஆணியில் தொங்கிய பாஸும்

கோடை வெயிலில் எனக்குக் குளிர் எடுத்தது. திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு நூற்பாலையில், கோன் வைண்டிங் (நூலைக் கூம்புகளில் சுற்றும் வேலை) பகுதியில் நின்றிருந்தேன். நூல் அறாமலிருக்க அங்கே ஈரக் காற்றை ஊதிக்கொண்டே இருப்பார்கள். சும்மா நின்றாலே வியர்வை கொட்டும். எனக்கோ பல் தந்தியடித்தது. விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது மாதிரி வலித்தது.

நாள் முழுக்க நிற்பதால் வந்த வலி என்று நினைத்தேன். இதைப் படிக்கிற நீங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கலாம். அதற்காகவே எழுதுகிறேன்.

சிறுநீர் எரிச்சல் அதற்கு முன்பே இருந்தது. சீரகத் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். அதுவும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான். மில்லுக்குள் நாங்கள் தண்ணீர் குடிப்பதில்லை.

காரணம் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் அட்டை. எங்கள் பகுதிக்கு ஒரே ஒரு கழிப்பறை பாஸ். சூப்பர்வைசர் மேசைக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஆணி காலியாக இருந்தால், போனவள் திரும்பும்வரை மெஷினை விட்டு நகரக் கூடாது. அந்த பாஸ் வந்த புதிதில் நாங்களே சந்தோஷப்பட்டோம். அதற்கு முன்னால் ஆம்பளை சூப்பர்வைசரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும். இப்போது கேட்க வேண்டாம், மானம் தப்பியது என்று நினைத்தோம்.

அந்த மானத்துக்குக் கொடுத்த விலை புளியங்கொட்டை. ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொண்டால் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், தாகம் தெரியாது. தண்ணீர் குடிக்காதவளுக்கு பாஸ் தேவையில்லை. புதிதாக வரும் பெண்ணுக்கு அறுந்த நூலை ஒட்டக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் இதைத்தான் கற்றுக்கொடுப்போம்.

இந்த லட்சணத்தில்தான் மில்லுக்கு ஊழியர் நலத் திட்டம் வந்தது. ஷிப்டு முடிந்ததும் யோகா. அதற்காக பஸ் அரை மணி நேரம் தாமதமாகப் புறப்படும். சுவரில் ‘மன அழுத்தம் தவிர்ப்போம்’ என்று ஒரு போர்டு. ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். அதில் எந்த மணிக்கு எதுவரை குடித்திருக்க வேண்டும் என்று கோடு போட்டிருந்தது. பாட்டில் எத்தனை பேருக்கோ அத்தனை. பாஸ் மட்டும் அதே ஒன்றுதான். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதை நான் கண்ணால் பார்த்தேன். பாட்டிலை நாங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம்.

குளிர் எடுத்த அன்று மெஷினைப் பிடித்தபடியே சரிந்துவிட்டேன். பூ மார்க்கெட்டுக்கு வேன் ஓட்டும் என் வீட்டுக்காரர்தான் வந்து அரசு மருத்துவமனைக்குத் தூக்கிப்போனார். பைலோநெஃப்ரைட்டிஸ் (சிறுநீரகத்துக்குள்ளேயே கிருமித்தொற்று) என்றார்கள். கிரியேட்டினின் (சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவு) ஏறியிருந்தது.

“வேலைக்குப் போனா எத்தனை தடவம்மா ஒண்ணுக்குப் போவீங்க?” என்று கேட்டார் டாக்டரம்மா.

“வீட்டுக்கு வந்துதான் போவேன் டாக்டர்.”

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “காலையில போனா சாயங்காலம் வரைக்குமா?”

“ஆமா. எல்லாருமே அப்பிடித்தான்.”

என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்து நின்றார். “இம்புட்டு வருசமா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே மேரி” என்றார். இதையெல்லாம் எந்தப் பெண் புருஷனிடம் சொல்வாள்?

காய்ச்சல் இறங்கும்வரை கையில் ஊசிக் குழாயோடு கிடந்தேன். சிறுநீர் போக டியூப். பை நிரம்ப நிரம்ப நர்ஸ் வந்து அளந்து எழுதினார். யாரிடமும் கேட்காமல் என் உடம்பு தன் வேலையைச் செய்தது அந்தக் கட்டிலில்தான். அதை நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது.

மில்லிலிருந்து நலத் திட்ட அதிகாரி வந்தார். ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பெண், என் தங்கை வயது இருக்கும். ஒரு சீப்பு சிறுமலை வாழைப்பழம் கொண்டுவந்திருந்தார்.

“எப்படிங்க அக்கா இருக்குது? தண்ணி நல்லாக் குடிக்கோணுங்க. அதுக்குத்தானுங்க பாட்டில் கொடுத்தோம்” என்றார். பிறகு தயங்கி, “ஒரே ஒரு போட்டோங்க. நோட்டீஸ் போர்டுக்கு.”

எனக்கு வந்த கோபத்தில் சீப்பைத் தூக்கி எறிந்திருப்பேன். கையில் குழாய் இருந்தது. “குடிச்ச தண்ணி எங்க மேடம் போகும்?” என்று மட்டும் கேட்டேன். அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை. பாஸைப் பற்றிச் சொன்னேன். அலுவலகக் கட்டடத்தில் அவருக்குக் கழிப்பறைக் கதவு எப்போதும் திறந்திருக்கும், ஆணி தெரியாது. போட்டோ எடுக்காமலே போய்விட்டார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். இடது சிறுநீரகத்தில் தழும்பு விழுந்திருக்கிறது, அது ஆறாது. “இன்னொரு தடவ இப்படி வந்தா தாங்காதும்மா. அடக்கவே கூடாது.” வேலையை விட்டுவிடலாம் என்றார் என் வீட்டுக்காரர். மகள் நர்சிங் படிக்கிறாள். வேனை நம்பி அது முடியாது. சிறுநீரகத்தையும் காப்பாற்ற வேண்டும், வேலையையும் விட முடியாது.

திரும்பிப் போனபோது எனக்கென்று பச்சை நிறத்தில் தனியாக ஒரு பாஸ் வைத்திருந்தார்கள். மெடிக்கல் பாஸாம். நலத் திட்ட அதிகாரி மேனேஜரிடம் மன்றாடி வாங்கியது. எல்லோருக்கும் கேட்டாராம், ‘மெஷினை யார் பார்ப்பது?’ என்று மேனேஜர் மறுத்துவிட்டாராம். ஆக, இந்த மில்லில் ஒரு பெண் நினைத்தபோது ஒண்ணுக்குப் போக வேண்டுமென்றால் முதலில் ஒரு சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டு வர வேண்டும். அந்தப் பச்சை அட்டையைப் பார்க்கப் பார்க்கச் சிவப்பைவிட அதிகமாக எரிந்தது.

வீட்டிலிருந்த பாட்டிலைத் திரும்ப எடுத்துவந்து மெஷின் மேல் வைத்துக் கோட்டுக்குக் கோடு குடித்தேன். பக்கத்து மெஷின் செல்வி என்னையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கன்னத்தில் புளியங்கொட்டை புடைத்துக்கொண்டிருந்தது.

“துப்புடி அத” என்றேன்.

“ஒனக்கென்னக்கா, ஒனக்குப் பாஸ் இருக்கு.”

அது சுருக்கென்று தைத்தது. நேரே போய்ப் பச்சை அட்டையை ஆணியில், சிவப்பு தொங்குகிற இடத்தில் மாட்டினேன். வெறுங்கையோடு கதவுப் பக்கம் நடந்தேன்.

“ஏம்மா மேரி, பாஸ எடுக்காம எங்க போற?” என்று சூப்பர்வைசர் மெஷின் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

நானும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. “ஒண்ணுக்குப் போறேன்ணே.”

பெண்கள் எல்லோரும் திரும்பினார்கள். சூப்பர்வைசர் வாயைத் திறந்தார், பிறகு தன் மேசையைப் பார்த்துக்கொண்டார். எந்தச் சொல்லைச் சொல்லக் கூசி அத்தனை வருடம் கொட்டையை வாயில் ஒதுக்கினோமோ, அதைச் சொல்லியும் என் மானம் இருந்த இடத்திலேயே இருந்தது.

மறுநாள் செல்வியும் அதையே சொல்லிவிட்டுப் போனாள், தலையைக் குனிந்துகொண்டு. அடுத்த வாரம் இன்னும் சிலர், குனியாமல். மெமோ வரும் என்று மிரட்டுகிறார்கள். வரட்டும், எத்தனை பேருக்குக் கொடுப்பார்கள்?

பாட்டிலில் இருந்த மணிக் கோடுகள் கழுவிக் கழுவி அழிந்துவிட்டன. எனக்கு அவை வேண்டியதும் இல்லை. ஷிப்டு மணி மில்லுடையது. எனக்குள்ளே தழும்போடு ஒரு மணி இருக்கிறது, அது அடித்தால் எழுந்து போகிறேன். அறுந்த நூல் நான் வரும்வரை காத்திருக்கும்.