காளீஸ்வரியின் பதினோரு வினாடி

காளீஸ்வரியைப் பற்றி எழுத உட்காரும்போதே எனக்கு வயிறு எரிகிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, செல்போன் கடையின் மாடியில் அவளுக்கு வேலை. இலத்தூரிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். அப்பா செல்லப்பா போலீஸ்காரர். படித்தது தமிழ் வழியில். ஆங்கிலத்தை இன்றும் வாய்விட்டுத்தான் வாசிப்பாள். இரண்டு மொழியிலும் படித்த நான் அதே கம்பெனியின் தோஹா கிளையில் இருக்கிறேன்.

குற்றாலம் லாட்ஜுகளுக்கான முன்பதிவு மென்பொருள் எங்களுடையது. அதில் அறை, வாடகை என்று ஒவ்வொரு தகவல் அட்டவணைக்கும் ஒரு வரைவாக நூற்றுப் பதினான்கு டேட்டாபேஸ் மாடல்கள். எந்தக் கட்டத்தில் எழுத்து வரும், எதில் தேதி வரும், எது காலியாக இருக்கலாம் என்று ஒவ்வொன்றுக்கும் டைப் எழுதுவது என் பொறுப்பு. மூன்று மாதத்தில் கையால் நாற்பது முடித்திருந்தேன். இதை வைத்துத்தான் என் ஒப்பந்தத்தை நீட்டுவதாக மேனேஜர் குமரகுரு சொல்லியிருந்தார். நீட்டாவிட்டால் விசாவும் இல்லை.

ஒரு வியாழக்கிழமை காளீஸ்வரி ஒரு ஸ்கிரிப்ட், சின்ன நிரல்தான், அனுப்பினாள். மாடல்களைப் படித்து டைப்புகளை அதுவே எழுதிவிடும். நூற்றுப் பதினான்கும் பதினோரு வினாடியில் முடிந்தன.

அன்று முழுக்கத் தப்பு தேடினேன். கிடைத்தது! அறையைக் காலி செய்யும் நாளுக்கு 'தேதி, அல்லது காலி' என்று போட்டிருந்தது. வீடியோ காலில், குமரகுருவை வைத்துக்கொண்டே அவளிடம் கேட்டேன்: "கெளம்புத தேதி இல்லாம எவனாவது ரூம் குடுப்பானா?"

"ஹுஸைஃபாண்ணே, நீங்க சீசனுக்கு வந்து எத்தன வருசமாச்சு?" என்றாள். "ஐந்தருவில தண்ணி கூடுனா குளிக்க விடமாட்டாவ. குளிக்காம எவன் ஊருக்குப் போவான்? தேதியே போடாமத்தான் லாட்ஜுல சாவி குடுக்காவ."

"அது ஒனக்குத் தெரியும். ஸ்கிரிப்டுக்கு எப்படித் தெரியும்?"

"மாடல்ல இருக்குல்லா. அத எழுதுனதே நீங்கதாம்ணே, இங்கன வேல பாக்கும்போது."

குமரகுரு சிரித்தார். என் பழைய மாடலில் அந்தக் கட்டம் காலியாக இருக்கலாம் என்றிருக்க, இப்போது நான் கையால் எழுதிய டைப்பில் வெறும் 'தேதி' என்றே இருந்தது.

மறுவாரம் அவளை டீம் லீட் ஆக்கினார்கள். என் ஒப்பந்தமும் ஓராண்டு நீண்டது. "பழைய மாடல் பூரா தெரிஞ்ச ஆளு நீங்கதான், விடக்கூடாதுன்னு காளீஸ்வரி ஒத்தக்கால்ல நின்னா" என்றார் குமரகுரு.

நன்றி சொல்லக் கூப்பிட்டேன். "அதுக்கென்னண்ணே, இருக்கட்டும்" என்று வைத்துவிட்டாள்.

திட்டுவதற்கு ஒரு காரணத்தைக்கூட மிச்சம் வைக்கவில்லை, பாவி.