நடுமரத்து மஞ்சள் துணி

செலாயாங்கில் மலைச்சரிவை ஒட்டிய அந்தக் கம்பத்துக் குடியிருப்பில் இராஜம்மாவைத் தெரியாதவர் இல்லை. பதினெட்டு வருஷமாக ஒரு ஒப்பந்தக்காரரிடம் சரிவின் லோங்காங்கைச் சுத்தம் செய்கிறாள். மலைத்தண்ணீர் தறிகெட்டு ஓடாமல் அந்தச் சாக்கடைக்குள் அடங்கும்படி அதில் அடைக்கும் இலைதழையை வாரி வெளியே போடுவதுதான் வேலை. எங்கே மண் விரிசல் விடுகிறது, எந்த வேர் பிடித்து நிற்கிறது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒப்பந்தக்காரரின் அலுவலகத்தில் போய்ச் சொன்னால் "நோட்டட் அக்கா" என்பார்கள். அதோடு சரி.

இரண்டு வருஷத்துக்கு முன் சரிவின் மேல்பாதியை மொட்டையடித்துக் கார் நிறுத்துமிடம் போட்டார்கள். அடுத்த பெருமழையில் சேறு இறங்கி இராஜம்மாவின் அடுப்படியில் முழங்காலளவு நின்றது. மகள் புனிதா கைக்குழந்தையோடு கட்டில்மேல் ஏறி நின்று அலறினாள். வந்த அதிகாரிகள் படம் எடுத்து, இயற்கைச் சீற்றம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். மரத்தை வெட்டியது இயற்கையா?

வீடுகளுக்கு நேர் மேலே மிச்சமிருந்தவை ஏழே ஏழு பெரிய மரங்கள். போன மாதம் அவற்றிலும் வெட்டுவதற்கென்று சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி விழுந்தது. மனுவைத் தூக்கிக்கொண்டு, கோயில் கமிட்டி உட்பட நாலு இடம் அலைந்து பார்த்தாள். எவனும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு விடியற்காலை, வெள்ளிக்கிழமை விரதம் தவறாத அந்த மனுஷி, மனசுக்குள் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நடுமரத்தின் குறிமேல் மஞ்சள் துணியைச் சுற்றிக் குங்குமம் அப்பி, வேரடியில் ஒரு சூலத்தை நட்டுவிட்டு வந்தாள்.

ரம்பத்தோடு வந்தவர்கள் அதைக் கண்டதும் பின்வாங்கினார்கள்.

"சாமி மரம் போஸ். நாங்க தொடமாட்டோம் லா" என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு லோரியில் ஏறிப் போனார்கள்.

மூன்று வாரம் இராஜம்மா நிம்மதியாகத் தூங்கினாள். அதற்குள் கம்பத்து ஜனங்கள் பாலும் எலுமிச்சம்பழமுமாக மலையேறத் தொடங்கிவிட்டார்கள். நாலாவது வாரம் கோயில் கமிட்டித் தலைவர் கமலநாதன் மணலும் சிமெண்டும் கொண்டுவந்து மரங்களுக்குச் சற்றுக் கீழே இறக்கினார்.

"அக்கா, அம்மன் வெளிய வந்துட்டா! சுத்தி மேடை கட்டி டைல்ஸ் போடப்போறோம். மத்த ஆறு மரத்தையும் எடுத்துட்டா நாப்பது பேர் உக்காரலாம்."

"அந்த ஆறும் என்ன பாவம் பண்ணுச்சு தலைவரே?"

"அதுல சாமி இல்லையே அக்கா."

அந்நியன் வெட்டினால் அநியாயம், நாம் வெட்டினால் திருப்பணியா? இராஜம்மா விறுவிறுவென்று ஏறிப்போய், சாமி கும்பிடக் கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் மஞ்சள் துணியை உருவினாள்.

"இதுலயும் சாமி இல்ல. கட்டினது நான்தான். இந்த வேருங்கதான் மண்ணப் புடிச்சிக்கிட்டு இருக்கு. இதுங்க போனா நம்ம வீடெல்லாம் போயிடும்."

கமலநாதனின் முகம் சிவந்தது. "சாமி பேர்லயா பொய் சொன்னீங்க?"

"சொன்னேன். மரம் பேர்ல உண்மையச் சொன்னப்போ நீங்க யாராச்சும் காதுகுடுத்தீங்களா?"

துணி விலகிய இடத்தில் சிவப்புக் குறி பளிச்சென்று தெரிந்தது. அந்த நேரம் பார்த்துத் தூறல் விழ, கூட்டம் மொத்தமும் மேலே, மொட்டையான சரிவைத் திரும்பிப் பார்த்தது. கமலநாதன் மட்டும் சிமெண்ட் மூட்டை நனையாமலிருக்கத் தார்ப்பாய் தேடிக்கொண்டிருந்தார்.